பதனிட்ட கைகள்: துருவமான் கால் தோலும் ஸாமிப் பெண்களும்

நார்வே, சுவீடன், ஃபின்லாந்து நாடுகளின் வடபகுதியும் ரஷ்யாவின் கோலா தீபகற்பமும் சேர்ந்த நிலப்பரப்புக்கு ஸாப்மி என்று பெயர். அங்கு வாழும் பழங்குடி மக்கள் ஸாமி. 'லாப்' என்று பிறர் இட்ட பெயரை இழிவானதாகக் கருதி அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். மீன் பிடிப்பவர்கள், உழவு செய்பவர்கள், நகரங்களில் வேலை பார்ப்பவர்கள் என்று ஸாமி மக்கள் பலவகை. ஆனால் வெளியுலகம் அவர்களைத் துருவமான் மேய்ப்பவர்களாகவே அறிந்திருக்கிறது.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளில் தாத்தாவின் வண்டியை இழுத்துவரும் கிளைத்த கொம்புள்ள மான்தான் துருவமான். நம் ஊரில் மான் என்றால் காட்டு விலங்கு. அனுமதியில்லாமல் அதன் தோலை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஸாப்மியில் கதை வேறு. அங்கே துருவமான் நம் ஆட்டையும் மாட்டையும் போல மந்தையாக வளர்க்கப்படும் விலங்கு. யாருடைய மான் என்று தெரிய, குட்டியின் காதில் வெட்டி அடையாளமிடுவார்கள். இறைச்சியும் தோலும் கொம்பும் நாணும் அதிலிருந்துதான் கிடைத்தன. வண்டி இழுத்ததும் அதுதான்.

துருவமான் மேய்ச்சல் பற்றிய புத்தகங்களும் புகைப்படங்களும் பெரும்பாலும் ஒரே காட்சியைக் காட்டும். வெண்பனிவெளி, மந்தை, சுருக்குக் கயிற்றோடு பனிச்சறுக்குக் கட்டைமேல் நிற்கும் ஓர் ஆண். அவன் காலில் என்ன போட்டிருக்கிறான் என்று பார்ப்பவர்கள் குறைவு. நார்வேயின் காரஷோக் என்ற ஊரில் 1886 ஜனவரி முதல் நாள் பதிவான வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 51.4 டிகிரி செல்சியஸ். அப்படிப்பட்ட நாட்டில் மந்தையின் பின்னால் நாள் முழுவதும் நடக்க வேண்டுமானால், மாலையில் வீடு திரும்பும்போது கால்விரல்கள் மிஞ்சியிருக்க வேண்டும். அந்த விரல்களைக் காத்தது துருவமானின் கால் தோலில் தைத்த காலணி. தோலைப் பதனிட்டவரும் வெட்டியவரும் தைத்தவரும் பெண்கள்.

இந்த உழைப்புக்குக் 'கைவினை' என்று பெயர் கிடைத்தது. 'மேய்ச்சல்' என்ற பெயர் மந்தையோடு போனவனுக்கு மட்டும் கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டில் அரசுகள் மேய்ச்சலுக்குச் சட்டம் எழுதியபோது, யாருடைய வேலைக்கு அந்தப் பெயர் இருந்ததோ அவர்களுக்கே உரிமையும் போய்ச் சேர்ந்தது. ஒரு கால் தோலின் வரலாற்றைப் பின்தொடர்ந்தால் இது எப்படி நடந்தது என்பது தெரியும்.

தோலிலிருந்து காலணி வரை

ஏன் குறிப்பாகக் கால் தோல்? துருவமானின் முதுகிலும் விலாவிலும் முடி நீளமானது. ஒவ்வொரு முடிக்குள்ளும் காற்று அடைபட்டிருப்பதால் நல்ல கதகதப்பு. ஆனால் அந்த முடி எளிதில் ஒடியும், உதிரும். விரித்துப் படுக்க ஏற்றது, உராய்வுக்குத் தாங்காது. முழங்காலுக்குக் கீழே உள்ள தோல் வேறு மாதிரி. புதரும் உறைபனியும் நாள்தோறும் உரசும் இடம் அது. அங்கே முடி குட்டையாக, அடர்த்தியாக, விறைப்பாக இருக்கும். ஒட்டிய பனியைத் தட்டிவிட்டால் போய்விடும்.

ஒரு மானுக்கு நான்கு கால். நான்கு நீளத் துண்டுகள். பின்னங்கால் துண்டு நீளம், முன்னங்கால் துண்டு குட்டை. வளர்ந்தவர் ஒருவரின் குளிர்காலக் காலணிக்கு ஒரு மானின் கால் தோல் போதாமலும் போகும். இடது வலது இரண்டும் நிறத்தில் ஒத்திருக்க வேண்டும் என்பதால் எந்தத் துண்டுக்கு எது இணை என்று பார்த்துச் சேர்த்து வைக்க வேண்டும். வெள்ளைக் கால் தோல் கிடைத்தால் அது விழாக்காலக் காலணிக்கு ஒதுக்கப்படும்.

மானை அறுத்தவுடன் காலின் நெடுக்கே ஒரு கீறல் போட்டுத் தோலை உரிப்பார்கள். ஒட்டிய சதையையும் கொழுப்பையும் அகற்றி, சுருளாமல் இருக்கப் பலகையில் இழுத்துக் கட்டியோ ஆணியடித்தோ குளிர்காற்றில் உலரவிடுவார்கள். உலர்ந்த தோல் மரப்பட்டை போல் விறைத்திருக்கும். பல மாதம் அப்படியே வைத்திருக்கலாம். பதனிடும் வேலை இனிமேல்தான்.

அதற்குத் தேவையான பட்டையைக் கோடைத் தொடக்கத்திலேயே சேர்த்திருக்க வேண்டும். மரத்தில் சாறு ஏறும் அந்தச் சில வாரங்களில்தான் வில்லோ மரத்தின் பட்டை சுலபமாக உரியும். பிர்ச், ஆல்டர் பட்டைகளும் பயன்படும். உலர்த்திய பட்டையை இடித்து நீரில் காய்ச்சினால் செம்பழுப்புச் சாறு இறங்கும். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை செய்யும் வேலையை அங்கே இது செய்கிறது. பட்டையிலுள்ள டானின் தோலின் புரத நாரோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கிறது.

முடியோடு சேர்த்துப் பதனிடும் தோலை அப்படியே சாற்றில் நெடுநேரம் ஊறப்போட்டால் முடி கழன்றுவிடும். ஆகவே சதைப்பக்கத்தில் மட்டும் சாற்றைத் தடவி, அந்தப் பக்கம் உள்ளே வரும்படி மடித்து வைப்பார்கள். சாறு கை பொறுக்கும் சூட்டில் இருக்க வேண்டும். கொதிக்கும் சாறு பட்டால் தோல் வெந்து சுருங்கும். அதன்பிறகு அது எதற்கும் உதவாது. ஊறியதும் வளைந்த இரும்புச் சுரண்டியால் சதைப்பக்கத்தைச் சுரண்ட வேண்டும். தோலின் ஒரு முனையைக் காலால் அழுத்திக்கொண்டோ கொக்கியில் மாட்டியோ, மறுமுனையை ஒரு கையால் இழுத்துப் பிடித்து மறுகையால் சுரண்டுவது. மறுபடியும் தடவி, மடித்து, காத்திருந்து சுரண்டுவது. தோல் துணிபோல வளையும்வரை இது தொடரும். சில இடங்களில் மீன் ஈரல் எண்ணெயும் தடவி மிருதுவாக்கினார்கள். சாறு அதிகமானால் தோல் கறுத்துக் கடினமாகும், குறைந்தால் நனைந்தவுடன் பழையபடி விறைக்கும். எங்கே நிறுத்துவது என்பதை விரல்தான் சொல்லும்.

தைக்கும் நூலும் மானிடமிருந்தே. காலிலும் முதுகிலும் உள்ள நாணை உலர்த்தி, பல்லால் மெல்லிய இழைகளாகப் பிரித்து, எச்சிலால் நனைத்துக் கன்னத்தில் வைத்துத் திரிப்பார்கள். நாண் நூல் நனைந்தால் உப்பி ஊசித்துளையை அடைக்கும். தண்ணீர் உள்ளே புகாது. அடிப்பாகத்துக்குத் தோலை வெட்டும்போது ஒரு துண்டின் முடி முன்னோக்கியும் இன்னொன்றின் முடி பின்னோக்கியும் படியும்படி இணைப்பார்கள், பனியில் கால் வழுக்காமலிருக்க. முனை மேல்நோக்கி வளைந்திருக்கும்; பனிச்சறுக்குக் கட்டையின் வாரில் அது கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும். காலுறை கிடையாது. கோடையில் அறுத்து, அடித்து, சீவி, வளையமாகச் சுற்றி வைத்த கோரை இனப் புல்லைக் காலணிக்குள் அடைப்பார்கள். கணுக்காலில் பனி நுழையாமல் சுற்றிக் கட்டும் வண்ணப் பட்டைகளை நெய்வதும் பெண்களே.

பட்டையும் புல்லும் கோடையில், தோல் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் என்று ஒரு ஜோடிக் காலணி பெண்ணின் ஆண்டு முழுவதையும் தொட்டது. குழந்தை, அடுப்பு, மந்தையோடு இடம்பெயர்தல், கூடாரம் பிரித்துக் கட்டுதல் ஆகியவற்றுக்கு இடையேதான் இத்தனையும் நடந்தன. தனியாக வேலை நேரம் என்று ஒன்று இருந்ததில்லை. அதனாலேயே வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இது வேலையாகத் தெரியவில்லை.

பயணிகள் எழுதியது, எழுதாமல் விட்டது

ஸாமி மக்களைப் பற்றி ஐரோப்பா முழுவதும் படிக்கப்பட்ட முதல் பெரிய நூல் யொஹான்னஸ் ஷெஃபெரஸ் இலத்தீனில் எழுதி 1673இல் வெளியான 'லாப்போனியா'. சுவீடனின் உப்சாலாவில் பேராசிரியராக இருந்த அவர் வடக்கே சென்றதில்லை. அங்கு பணியாற்றிய பாதிரிமார்கள் அனுப்பிய குறிப்புகளை வைத்தே எழுதினார். ஆண்களின் வேலைகளுக்கு ஓர் அத்தியாயம், பெண்களின் வேலைகளுக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்திருக்கிறார். அதில் சமைப்பது ஆண்களின் வேலை. உடை தைப்பதும் காலணி செய்வதும் பெண்களின் தொழில். தன் நாட்டில் ஆண்கள் செய்யும் தையல்காரர் வேலையும் சக்கிலியர் வேலையும் இங்கே பெண்கள் கையில் இருப்பது அவருக்கு வியப்பு.

எந்த வேலை ஆணுடையது, எந்த வேலை பெண்ணுடையது என்பது இயற்கை வகுத்ததாகப் பேசப்படும் இடங்களில் இந்தச் சான்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1673இல் ஐரோப்பிய நகரங்களில் தோல் பதனிடுவதும் காலணி செய்வதும் தொழிற்சங்கங்களில் பதிவுபெற்ற ஆண்களின் தொழில். அதே வேலை ஸாப்மியில் பெண்களுடையது. நகரத்து ஆண் செய்தபோது அது 'தொழில்' எனப்பட்டது, கூலியும் கூட்டமைப்பும் பெற்றது. கூடாரத்தில் பெண் செய்தபோது அது 'வழக்கம்' எனப்பட்டது.

1732இல் ஸாப்மி வழியாகப் பயணம் செய்த தாவரவியலாளர் லின்னேயஸ், காலணியில் அடைக்கும் புல்லைக் கவனித்தார். 1737இல் வெளியான 'ஃப்ளோரா லாப்போனிகா'வில் அந்தப் புல்லின் பயன் பதிவாகியிருக்கிறது. புல்லுக்கு அறிவியல் பெயர் கிடைத்துவிட்டது. எந்தப் புல்லை, எப்போது அறுத்து, எப்படி அடித்தால் விரல் உறையாது என்று கண்டுபிடித்துக் கைமாற்றித் தந்த பெண்கள் 'அந்நாட்டு மக்கள்' என்ற பொதுச் சொல்லுக்குள் போய்விட்டார்கள்.

இதைவிடக் கூர்மையான உதாரணம் தென்துருவத்தில் இருக்கிறது. அண்டார்க்டிக் பயணங்களின் கதைகளைப் படித்தவர்கள் 'ஃபின்னெஸ்கோ' என்ற காலணியின் பெயரைக் கண்டிருக்கலாம். நார்வேஜிய மொழியில் 'ஃபின்' என்பது ஸாமி மக்களைக் குறித்த பழைய சொல். 'ஸ்கோ' என்றால் காலணி. துருவமானின் கால், தலைப் பகுதித் தோல்களில் முடியோடு தைத்து, உள்ளே புல் அடைத்த அதே ஸாமிக் காலணிதான் அது. 1907–09இல் ஷாக்கில்டனும் 1910–13இல் ஸ்காட்டும் நடத்திய பயணங்களில் அதை அணிந்துதான் பனிவெளியைக் கடந்தார்கள். அதற்கும் முன்பு, 1898–1900இல் அண்டார்க்டிக் நிலப்பரப்பில் முதன்முதலாகக் குளிர்காலத்தைக் கழித்த குழுவில் பேர் சாவியோ, ஊலே முஸ்த் என்ற இரண்டு ஸாமி ஆண்கள் இருந்தார்கள். அவர்களின் பெயராவது வரலாற்றில் இருக்கிறது. அந்த ஆண்கள் இழுத்த சறுக்குவண்டி, தின்ற பிஸ்கட், இறந்த குதிரை எல்லாவற்றுக்கும் பயணக் குறிப்புகளில் கணக்கு உண்டு. கால்விரல்களைக் காத்த தோலைச் சுரண்டியவர் யார் என்பதற்கு இல்லை. வீரத்தின் வரலாறு என்று நமக்குச் சொல்லித் தரப்படும் பக்கங்களுக்கு அடியில் இப்படி எத்தனையோ ஊதியமில்லாத, பெயரில்லாத கைவேலை கிடக்கிறது.

பெண்ணின் வேலையைக் கண்டு எழுதியவரும் ஒரு பெண்தான். டென்மார்க்கைச் சேர்ந்த ஓவியர் எமிலி டெமாந்த் ஹாட் 1907–08இல் ஸாமி மேய்ச்சல் குடும்பங்களோடு கூடாரத்தில் தங்கி, அவர்களோடு இடம்பெயர்ந்தார். ஆண் ஆய்வாளர்கள் கூடாரத்தின் வாசலில் நின்று பார்த்ததை அவர் உள்ளே அடுப்போரம் உட்கார்ந்து பார்த்தார். அவர் 1913இல் வெளியிட்ட நூலில் பெண்களும் குழந்தைகளும் அவர்களின் அன்றாடமும் விரிவாக வருகின்றன. யொஹான் தூரி என்ற ஸாமி எழுத்தாளர் தம் மக்களைப் பற்றித் தம் மொழியிலேயே எழுதி 1910இல் வெளியான நூலுக்கும் அவரே துணை நின்று மொழிபெயர்த்துப் பதிப்பித்தார். உள்ளே அனுமதிக்கப்பட்ட ஒருவர் எதைப் பார்க்கிறார் என்பதும் வரலாறு எழுதுவதன் ஒரு பகுதிதான்.

சட்டம் எண்ணிய தலைகள்

பழைய வழக்கில் ஸாமிப் பெண்ணுக்குத் தன் பெயரில் மான் உண்டு, தனக்கென்று காது அடையாளம் உண்டு. குழந்தையாக இருக்கும்போதே பெண்ணுக்கும் குட்டி ஒதுக்குவார்கள். அது பெருகினால் அவளுடையது. திருமணமாகிப் போகும்போது தன் மான்களோடு போவாள். கால் தோலைப் பதனிடுபவள் பிறர் மந்தையின் வேலைக்காரி அல்ல, மந்தையின் உரிமையாளரில் ஒருத்தி.

அரசுகள் மேய்ச்சலை ஒழுங்குபடுத்தத் தொடங்கியபோது இந்த வழக்கை அவை பார்க்கவில்லை. தங்கள் விவசாயக் குடும்பத்தின் வடிவத்தையே அங்கும் பொருத்தின: குடும்பத்துக்கு ஒரு தலைவர், அவர் ஆண். சுவீடனின் 1928ஆம் ஆண்டு மேய்ச்சல் சட்டம் பெண்ணின் மேய்ச்சல் உரிமையைக் கணவனோடு கட்டிப்போட்டது. மேய்ச்சல் உரிமை இல்லாதவரை மணந்த ஸாமிப் பெண் தன் உரிமையை இழந்தாள். அதேபோல் வெளியே மணம் செய்த ஆண் இழக்கவில்லை. அவனுடைய மனைவிக்கும் உரிமை கிடைத்தது. பிறந்ததிலிருந்து மந்தையோடு வளர்ந்த ஒருத்தி, தாலி யாருடையது என்பதைப் பொறுத்து மேய்ப்பவளாகவோ மேய்ப்பவள் அல்லாதவளாகவோ ஆனாள் என்று நம் வழக்கில் சொல்லலாம். இந்தச் சட்டங்கள் ஸாமிப் பெண்களின் நிலையை எப்படி மாற்றின என்பதை ஆண்ட்ரேயா ஆம்ஃப்ட் 2000இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாக எழுதியிருக்கிறார்.

நார்வேயின் 1978ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு வழியில் அதையே செய்தது. மேய்ச்சல் இனி அரசு அங்கீகரித்த 'அலகு'களாக நடக்கும். ஒவ்வோர் அலகுக்கும் ஒரு பொறுப்பாளர். பெரும்பாலும் கணவன் பெயர்தான் பதிவாயிற்று. பெண்களுடைய மான்கள் அவனுடைய அலகுக்குள் அடங்கின. தனக்கென்று மான் வைத்திருந்தவள் காகிதத்தில் 'மேய்ப்பவரின் மனைவி' ஆனாள். 1996இல் செய்த திருத்தத்துக்குப் பிறகே கணவனும் மனைவியும் சேர்ந்து பொறுப்பாளராக முடிந்தது.

இங்கேதான் கால் தோல் மீண்டும் வருகிறது. மேய்ச்சல் என்றால் மந்தையைக் காப்பது, ஓட்டுவது, அறுப்பது, இறைச்சியை விற்பது என்று சட்டம் புரிந்துகொண்டது. மேய்ப்பவனுக்கு உடை தருவது, தோலைப் பொருளாக மாற்றுவது, அந்தப் பொருளை விற்றுப் பணம் கொண்டுவருவது ஆகியவை அதன் கணக்கில் வரவில்லை. மேய்ச்சல் பொருளாதாரத்தின் பாதி இப்படி வெளியே நின்றது. பாதி வேலையை வேலையல்ல என்று வரையறுத்த பிறகு, அதைச் செய்தவருக்கு உரிமை இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

ஸாமிப் பெண்கள் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்துவிடவில்லை. சுவீடனில் பிறந்து, மருத்துவச்சியாகப் பயிற்சி பெற்ற எல்ஸா லவுலா 1904இல் ஸாமி மக்களின் நில உரிமைக்காகச் சிறுநூல் எழுதி வெளியிட்டார். பின்னர் நார்வேயில் குடியேறி, 1910இல் ஸாமிப் பெண்கள் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். 1917 பிப்ரவரி 6 அன்று டிரொண்ட்ஹைமில் கூடிய முதல் ஸாமி மாநாட்டுக்கு அவரே முன்னணியில் நின்றார்; அந்த நாள்தான் இன்று ஸாமி தேசிய நாள். 1988இல் தொடங்கிய பெண்கள் அமைப்புக்கு ஸாராஹ்கா என்று பெயர் வைத்தார்கள். அடுப்படியில் குடியிருந்து பிரசவத்தைக் காக்கும் பழைய பெண் தெய்வத்தின் பெயர் அது.

கால் தோல் கையைவிட்டுப் போனது

இருபதாம் நூற்றாண்டில் கால் தோல் வேலையை மூன்று மாற்றங்கள் அசைத்தன.

முதலாவது பள்ளி. சுவீடன் 1913இல் மேய்ச்சல் குடும்பங்களின் குழந்தைகளுக்கென்று தனி 'நாடோடிப் பள்ளிகளை' ஏற்படுத்தியது. நார்வேயில் உறைவிடப் பள்ளிகள் நார்வேஜிய மொழியைத் திணித்தன. பதனிடுதல் பார்த்துப் பழகும் வேலை. அம்மாவும் பாட்டியும் தோலைச் சுரண்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் வரும். மான் அறுக்கும் பருவத்தில் பெண் குழந்தை பள்ளி விடுதியில் இருந்தாள். மொழி போனதைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். தோலின் பதத்துக்கும் ஊறலின் அளவுக்கும் நாணின் வகைக்கும் ஸாமி மொழிகளில் இருந்த சொற்களும் அதோடு சேர்ந்துதான் போயின.

இரண்டாவது 1960களில் வந்த ஸ்னோமொபைல் என்ற பனி வண்டி. ஃபின்லாந்தின் ஸ்கோல்ட் ஸாமி மக்களிடையே அது கொண்டுவந்த மாற்றத்தை மானிடவியலாளர் பெர்ட்டி பெல்டோ 1973இல் வெளியான நூலில் பதிவு செய்தார். வண்டிக்கும் பெட்ரோலுக்கும் உதிரிபாகத்துக்கும் ரொக்கம் வேண்டும். மந்தை தரும் வருமானம் பலருக்குப் போதவில்லை. பல குடும்பங்களில் மனைவி ஆசிரியையாகவோ செவிலியராகவோ கடை ஊழியராகவோ சம்பளத்துக்குப் போனாள். அவள் சம்பளம் மேய்ச்சலைத் தாங்கியது. முன்பு காலணியாக வந்த அவள் பங்கு இப்போது பணமாக வந்தது. இரண்டு வடிவத்திலும் அது மேய்ச்சலின் கணக்கில் வரவில்லை. காலணியோ கடையிலிருந்து வந்தது.

மூன்றாவது இறைச்சிக்கூடம். முன்பு மேய்ச்சல் நிலத்திலேயே அறுப்பார்கள். தோல், கால், தலை, நாண் என்று எல்லாம் வீட்டுக்கு வரும். விற்பனைக்கான அறுப்பு சுகாதார விதிகளுக்கு உட்பட்ட கூடங்களுக்கு மாறியபோது, அங்கே பொருள் என்றால் இறைச்சி; கால் என்றால் கழிவு. வீட்டுத் தேவைக்கு அறுப்பது இன்றும் உண்டு. ஆனால் ஒரு காலத்தில் தன் மந்தையிலிருந்து தானாக வந்துசேர்ந்த கால் தோலை, இன்று பல பெண்கள் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மந்தையில் தனக்கு உரிமை இல்லாதவளுக்கு மூலப்பொருளும் இல்லை. 1928இன் சட்டமும் இறைச்சிக்கூடமும் இந்த இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன.

துவோட்ஜி

ஸாமி மொழியில் கைவேலையைத் 'துவோட்ஜி' என்கிறார்கள். மரம், கொம்பு, எலும்பு ஆகியவற்றில் செய்வது வன்மையான துவோட்ஜி, அது ஆண்களுடையது. தோல், துணி, வேர், நூல் ஆகியவற்றில் செய்வது மென்மையான துவோட்ஜி, பெண்களுடையது. இரும்புச் சுரண்டியை நாள் முழுவதும் இழுத்துத் தோள்பட்டை வலிக்கச் செய்யும் வேலைக்கு 'மென்மை' என்று பெயர். இன்று இந்த எல்லையை இருபாலரும் தாண்டுகிறார்கள்.

சுற்றுலாக் கடைகளில் இயந்திரத்தில் செய்த போலிப் பொருட்கள் பெருகிய காலத்தில், உண்மையான ஸாமிக் கைவேலைக்கு 1982 முதல் 'ஸாமி துவோட்ஜி' என்ற வணிகச் சின்னம் வழங்கப்படுகிறது. 1942இல் தொடங்கி இன்று சுவீடனின் யோக்மொக்கில் இயங்கும் ஸாமிக் கல்வி நிலையத்தில் தோல் வேலையும் பாடம். 1989இல் நார்வேயின் கவுத்தொகைனோவில் நிறுவப்பட்ட ஸாமி உயர்கல்வி நிறுவனத்தில் துவோட்ஜி முதுகலைவரை கற்பிக்கப்படுகிறது. குன்வோர் குத்தொர்ம் அத்துறையின் பேராசிரியர். பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றது இப்போது பாடத்திட்டமாகவும் ஆய்வாகவும் ஆகியிருக்கிறது. இளம் பெண்கள் உறைபெட்டியில் சேர்த்துவைத்த கால் தோலை எடுத்து, பட்டை காய்ச்சி, பை, கையுறை, காலணி செய்கிறார்கள். வாங்குபவர் தரும் விலையில் தங்கள் நேரத்துக்கும் விலை போடக் கற்றுக்கொள்கிறார்கள். அருங்காட்சியகங்களில் 'சேகரித்தவர்' பெயரோடு மட்டும் தொங்கும் பழைய காலணிகளைப் பார்த்து, தையலை எண்ணி, செய்தவரின் கையைப் படிக்கிறார்கள்.

இதை மகிழ்ச்சியோடு சொல்லும்போதே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஸாமிச் சமூகத்தில் பெண் எப்போதுமே வலிமையானவள், அவளுக்கு மான் இருந்தது, கைவேலை இருந்தது, ஆகவே பெண்ணியம் தேவையில்லை என்ற பேச்சு அங்கே உண்டு. ஸாமி அறிஞர் ரவுனா குவோக்கனென் 2007இல் வெளியான கட்டுரையில் இந்த 'வலிமையான பெண்' என்ற கட்டுக்கதையை ஆராய்ந்தார். அந்தப் பிம்பம் இன்றைய பாகுபாட்டைப் பேசவிடாமல் செய்கிறது என்பது அவர் வாதம். பெண்ணை மரபின் காவலாளியாக உயர்த்தி, மந்தையில் அவள் பங்கைக் கேட்கும்போது மட்டும் மரபை மறந்துவிடும் தந்திரம் நமக்கும் புதிதல்ல. தோல் பதனிடுவதைக் கொண்டாடுவது எளிது; அதைச் செய்பவளின் பெயரில் மானைப் பதிவது கடினம். கொண்டாட்டம் பதிவுக்கு ஈடாகிவிடக் கூடாது.

இங்கிருந்து பார்க்கும்போது

தமிழ் வாசகிக்குத் தோல் என்றதும் வாணியம்பாடியும் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் நினைவுக்கு வரும். தோலைத் தொட்டவர்களைச் சாதியின் பெயரால் தீண்டத்தகாதவர்களாக்கிய வரலாறும் நினைவுக்கு வரும். ஸாப்மியில் அந்த இழிவு இல்லை. பதனிடத் தெரிந்த பெண்ணுக்குத் தன் சமூகத்துக்குள் மதிப்பு இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு. ஆனால் ஓரிடத்தில் இரண்டு கதைகளும் அருகருகே வருகின்றன. ஆம்பூர்ப் பகுதியில் ஏற்றுமதிக் காலணியின் மேல்பாகத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கையால் தைத்து, ஜோடிக் கணக்கில் கூலி வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். தோல் விறைப்பு, ஊசி கூர்மை. விரல் புண்ணாகும், தோள் வலிக்கும். வேலை வீட்டில் நடப்பதால் தொழிற்சாலையின் ஊழியர் பட்டியலில் அவர்கள் பெயர் வருவதில்லை. 'சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது' என்று சொல்லப்படுகிறது.

வேலை எங்கே நடக்கிறது என்பதை வைத்து அது வேலையா இல்லையா என்று தீர்மானிக்கும் பழக்கம் 1928இன் சுவீடனிலும் இருந்தது, இன்றைய ஆம்பூரிலும் இருக்கிறது. ஸாமிப் பெண்கள் கைவேலையின் மதிப்பையும் மந்தையின் உரிமையையும் சேர்த்தே கேட்கிறார்கள். கால் தோல் வேண்டுமானால் மான் வேண்டும். மான் வேண்டுமானால் நிலமும் காது அடையாளமும் பதிவேட்டில் பெயரும் வேண்டும். இந்த வரிசையை அவர்கள் தெளிவாகப் பார்த்துவிட்டார்கள். திண்ணையில் தைக்கும் பெண்ணின் கூலி, காப்பீடு, ஓய்வூதியம் பற்றிப் பேசும்போது நாமும் அந்த வரிசையை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது: அவள் செய்வதற்கு வேலை என்றும், அவளுக்குத் தொழிலாளி என்றும் பெயர் எழுதுவதிலிருந்து.